பத்திரத்தில் இல்லாதவர்கள்: பழைய வீடுகளின் வரலாற்றைத் தேடும் வழிகள்

தமிழ்நாட்டில் ஒரு பழைய வீடு கைமாறும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது 30 வருட வில்லங்கச் சான்று. மூலப்பத்திரம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்ற கேள்விகள் அடுத்து வரும். கிரயம் முடிந்ததும் காகிதங்கள் பீரோவுக்குள் போய்விடும். அந்த வீட்டை யார் கட்டினார்கள், எந்தப் பணத்தில் கட்டினார்கள், ஏன் விற்றார்கள், அதற்குள் யாரெல்லாம் பிறந்து வளர்ந்தார்கள் என்று கேட்பவர் அரிது. கேட்பதற்கு ஆள் வரும்போது பெரும்பாலும் வீட்டை இடித்துவிட்டிருப்பார்கள்.

கோட்டை, கோயில், அரண்மனை ஆகியவற்றின் வரலாற்றை எழுதப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தெருவில் இருக்கும் சாதாரண வீட்டின் வரலாற்றை எழுத, அதில் வாழ்ந்தவர்களும் வாங்கியவர்களும்தான் முன்வர வேண்டும். அதற்கான சான்றுகள் என்னென்ன, அவை எங்கே கிடைக்கும், ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. வீட்டின் உரிமையாளர் வரிசை வேறு, அதில் வாழ்ந்தோர் வரிசை வேறு. முதலாவதைப் பத்திரம் சொல்லும். இரண்டாவதை மற்ற எல்லாச் சான்றுகளையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் மீட்க முடியும். இரண்டும் சேர்ந்தால்தான் அது வீட்டின் வரலாறு.

பத்திரங்கள்

தேடலைப் பத்திரத்திலிருந்து தொடங்குவதே நடைமுறை. இந்தியாவில் முறையான ஆவணப் பதிவு, 1864ஆம் ஆண்டுச் சட்டம் 1865 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததோடு தொடங்குகிறது. இன்று நாம் பின்பற்றுவது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அசையாச் சொத்து பற்றிய ஆவணங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்தில் நகலெடுக்கப்படும். பழைய பத்திரத்தின் பின்பக்கம் எந்த வருஷம், எந்த வால்யூம், எந்தப் பக்கங்கள், என்ன எண் என்ற குறிப்பு இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்தால் போதும், அசல் தொலைந்திருந்தாலும் நகல் பெறலாம். 1ஆம் புத்தகத்தையும் அதற்குரிய அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிட 57ஆம் பிரிவு இடம் தருகிறது. அட்டவணைகள் இரண்டு: ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, மற்றது சொத்தின்படி. வீட்டின் வரலாற்றைத் தேடுபவர் இரண்டையும் பார்க்க வேண்டும். அண்மைப் பத்தாண்டுகளின் பதிவுகளை இணையத்திலேயே காணலாம். அதற்கு முந்தியவற்றுக்கு மனுப் போட வேண்டும்.

வில்லங்கச் சான்றை வாசிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தகப்பன் இறந்து மகனுக்கும், மகன் இறந்து பேரனுக்கும் வீடு போயிருந்தால் அதற்குப் பத்திரமே இருக்காது. அண்ணன் தம்பிகள் பெரியவர்கள் முன்னிலையில் கூர்ச்சீட்டு எழுதிப் பாகம் பிரித்துக்கொண்டால் அதுவும் பதிவில் வராது. உயிலைப் பதிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே ஐம்பது வருடம் பதிவே இல்லை என்றால் வீடு ஒரே குடும்பத்தின் கையில் அமைதியாக இருந்திருக்கிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. அந்த ஐம்பது வருடங்களை வேறு மூலங்களிலிருந்து நிரப்ப வேண்டும்.

பத்திரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். பெரும்பாலோர் பெயரையும் தொகையையும் சர்வே எண்ணையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வரலாறு இருப்பது நடுவில். கூட்டுக் குடும்பச் சொத்தைக் கர்த்தா விற்க வேண்டுமானால் குடும்ப அவசியம் இருந்தாக வேண்டும் என்பது இந்து சட்டம். பின்னாளில் மைனர் மகன் வளர்ந்து வழக்குப் போடாமலிருக்க, பத்திர எழுத்தர் அந்த அவசியத்தை விரிவாக எழுதிவைப்பார். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கிய புரோநோட்டுக் கடன், தகப்பனாரின் உத்தரகிரியைச் செலவு, நெல் விளையாமல் நின்றுபோன கிஸ்தி, கடைச் சரக்குக்கு வைத்த பாக்கி என்று ஒவ்வொன்றும் தொகையோடு வரும். சட்டத்துக்குப் பயந்து எழுதிய அந்தப் பகுதி, ஒரு குடும்பம் எப்படி வீட்டை இழந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியமாக இருப்பதுண்டு. சட்டத்துக்காக எழுதப்பட்டது என்பதாலேயே அதில் மிகையும் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது நான்கெல்லை. சர்வே எண்ணும் கதவு எண்ணும் இல்லாத காலத்து வீட்டை அடையாளம் காட்டியது செக்குபந்தி விவரம்தான். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று எழுதியிருக்கும். புதிதாக வாசிப்பவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு என்றால் அந்த இன்னார் இருப்பது நம் வீட்டுக்கு மேற்கே. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் ஒரு பெரிய வாய்ப்பு திறக்கிறது. நம் வீட்டுப் பத்திரம் காணாமல் போயிருந்தாலும், பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் நம் வீட்டுக்காரரின் பெயர் எல்லையாக வந்திருக்கும். ஒரு தெருவின் பத்திரங்களை வரிசையாக அடுக்கினால் எந்த ஆண்டில் எந்த வீட்டில் யார் உரிமையாளர் என்று தெரு வரைபடமே போட்டுவிடலாம். அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காத வேலை இது. தெருவில் நல்லுறவு வேண்டும்.

காலத்தைக் கணிப்பதும் ஒரு கலை. பழைய பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர், பசலி, கொல்லம் ஆண்டு, ஆங்கிலத் தேதி என எது வேண்டுமானாலும் வரும். ஜூலை 1 அன்று பிறக்கும் பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1333 என்பது 1923 ஜூலை முதல் 1924 ஜூன் வரை. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டு ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டு கி.பி. 825-ஐ ஒட்டித் தொடங்குகிறது. வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுழல்வதால் பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் இருக்கும் மன்னர் படம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். விக்டோரியா மகாராணி என்றால் 1901-க்கு முன், ஏழாம் எட்வர்டு என்றால் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1936 வரை என்று தோராயமாகக் கொள்ளலாம். விலை ரூபாய், அணா, பைசாவில் இருக்கும். 1957-க்குப் பிறகே தசமக் கணக்கு வந்தது. இன்னும் பழைய ஓலைகளில் வராகன் வந்தால் வியப்பதற்கில்லை. சென்னை மாகாணத்தில் ரூபாய் அதிகாரபூர்வ நாணயமானது 1818-இல்தான். பங்குகளை மாகாணி, அரைக்கால், மா என்று பிரித்து எழுதியிருப்பார்கள். தமிழ் எண்களையும் பின்னங்களையும் கற்றுக்கொள்வது இத்தேடலுக்கு அடிப்படைத் தகுதி.

அரசுக் கணக்குகள்

பத்திரம் விற்றவரும் வாங்கியவரும் எழுதிக்கொண்டது. வருவாய்த் துறைக் கணக்கு அரசு தன் வரிக்காக எழுதிக்கொண்டது. இரண்டின் நோக்கமும் வேறு என்பதால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாம். பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்பட நகல் ஆகியவை நிலத்துக்கு முக்கியம். 1860களில் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் அக்கிரகாரங்கள், சத்திரங்கள், கோயில் ஊழியர்களின் மானியங்கள் பற்றி விரிவாகச் சொல்கின்றன. இனாம் யாரால், எப்போது, எதற்காக விடப்பட்டது என்ற குறிப்பு அவற்றில் கிடைக்கும்.

வீடுகளைப் பொறுத்தவரை ஒரு தடை உண்டு. வயலுக்குக் காட்டிய அக்கறையை அரசு ஊர் நத்தத்துக்குக் காட்டவில்லை. தீர்வை வராத குடியிருப்பு மனைகளைத் தனித்தனியாக அளக்கவும் இல்லை. கிராமத்து வீடுகள் பலவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் நத்தம் பட்டா வந்தது. அதற்கு முன்பு யார் வீடு எது என்று அறிந்திருந்தவர் கிராமக் கணக்கரான கர்ணம். பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது அந்த அறிவும் கலைந்தது. பழைய கர்ணத்தின் வீட்டில் நோட்டுகள் இன்னும் இருந்தால் அவை ஊரின் சொத்து.

நகரங்களில் நிலைமை மேல். கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற நகரங்களில் 1866-இலேயே நகராட்சி வந்துவிட்டது. நகர அளவைப் பதிவேடும் சொத்துவரிக் கணக்கும் உரிமையாளரைச் சொல்லும். வாக்காளர் பட்டியல் அதைவிட ஒரு படி மேலே போய், அந்தக் கதவு எண்ணில் வாழ்ந்த வயது வந்தோர் எல்லோரையும் சொல்லும். வாடகைக்கு இருந்தவர்களும் மருமகள்களும் அரசு ஏட்டில் பெயரோடு தோன்றும் இடம் பெரும்பாலும் இதுதான்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-இல் சென்னை ஆவண அலுவலகமாக நிறுவப்பட்டது. புனித ஜார்ஜ் கோட்டையின் 1670ஆம் ஆண்டுக்குப் பிந்தைய ஆவணங்கள் முதல் மாவட்ட வருவாய்க் கோப்புகள் வரை அங்கே இருக்கின்றன. தஞ்சைப் பகுதி வீடுகளுக்கு மராட்டியர் கால மோடி எழுத்து ஆவணங்களும், புதுச்சேரி, காரைக்கால் வீடுகளுக்குப் பிரெஞ்சு நோத்தேர்களின் பத்திரங்களும், தரங்கம்பாடிக்கு 1845 வரை டேனிஷ் ஆட்சியின் ஏடுகளும் உண்டு. தமிழ்நாட்டு வீட்டின் வரலாறு தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

வீடே தரும் சாட்சியம்

காகிதம் பேசாத இடத்தில் கட்டடம் பேசும். கூரையிலிருந்து தொடங்கலாம். மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்ற எண்ணைக் கண்டதும் வீட்டின் வயது தெரிந்துவிட்டதாகப் பலர் மகிழ்கிறார்கள். மிஷன் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு அது. ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் சூளையிலிருந்து வந்திருக்கலாம். முதல் உலகப் போரையொட்டி ஜெர்மன், சுவிஸ் மிஷனரிகளின் அந்தத் தொழில் பறிக்கப்பட்டு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் போனது. ஆகவே காமன்வெல்த் முத்திரை உள்ள ஓடு போருக்குப் பிந்தியது. ஒரே கூரையில் இரண்டு முத்திரையும் கலந்திருந்தால் இடையில் ஒருமுறை ஓடு மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இரும்பு உத்தரத்திலும் பெயர் இருக்கும். டார்மன் லாங் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. டாடா என்றால் 1912-க்கு முன் இருக்க வழியில்லை, ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். சுவரின் காரை உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பா சிமெண்டா என்று பார்க்க வேண்டும். சிமெண்ட் இந்தியாவில் வணிக அளவில் உற்பத்தியானது 1914-இல் போர்பந்தரில். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச்சு இருந்தால் அது பிற்காலப் பழுதுபார்ப்பு. தேக்கு விட்டங்கள்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பு கொட்டிக் கட்டை குத்திய மெட்ராஸ் டெரஸ் தளம் காங்கிரீட்டுக்கு முந்திய கை. நிலைவாசலின் செதுக்கல், தூண் போதிகை, முகப்புச் சுதையில் எழுதிய ஆண்டு, கதவில் குடைந்த எழுத்துகள் எல்லாவற்றையும் படமெடுத்து வைக்க வேண்டும்.

வீட்டின் அமைப்பே குடும்பத்தின் வரைபடம். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து நகரத்தார் வீடுகளில் வளவு என்னும் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, சீர்ப் பொருள்களை வைத்துப் பூட்ட இடம், தனி அடுப்பு. அறைகளை எண்ணினால் கட்டியவர் எத்தனை மகன்களை மனத்தில் வைத்துக் கட்டினார் என்பது புரியும். அவ்வீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்தும், பளிங்கு இத்தாலியிலிருந்தும் வந்ததற்குக் காரணம், குடும்பத்தின் கடைகள் ரங்கூனிலும் மலாயாவிலும் இருந்தன என்பதே. 1930களின் பொருளாதார மந்தமும் 1942-இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வருமானத்தை முறித்தன. பாதியில் நின்றுபோன மாடியைப் பார்க்கும்போது அந்த ஆண்டுகளை நினைவில் கொள்ள வேண்டும். தஞ்சை அக்கிரகார வீட்டில் ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீளும் வரிசையில் யார் எதுவரை வரலாம் என்ற விதி அடங்கியிருந்தது. கொல்லைப்புறச் சந்தும் தனி வாசலும் சாதி எழுதிய வரிகள். அதைப் பதிவு செய்யாமல் அழகை மட்டும் எழுதினால் அது அரை வரலாறு.

வீட்டின் அமைப்பு வாழ்க்கையைக் காட்டும் என்பதற்குப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நல்ல சான்று. கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணிக் கட்டுத்தூண்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்தவரின் இரட்டை வாழ்க்கையைக் கட்டடமே காட்டுகிறது. அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் நம் கையில் இருப்பதால், அந்த வீட்டின் உரிமையாளரை அவர் சொற்களிலேயே அறிய முடிகிறது. இந்த வாய்ப்பு மற்ற வீடுகளுக்குக் கிடைப்பதில்லை என்றாலும், டைரி, செலவு நோட்டு, கடிதக் கட்டு ஏதேனும் பரண்மேல் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

நீதிமன்றம், நூலகம், வீட்டு ஏடு

சொத்துத் தகராறு குடும்பத்துக்குத் துன்பம், ஆய்வாளருக்குச் சுரங்கம். பாகவழக்கில் வாதியும் பிரதிவாதியும் தத்தம் வம்சாவளியைத் தாக்கல் செய்தாக வேண்டும். யார் யாருக்குத் தத்து, எந்த மனைவியின் மகன் யார், எந்த ஆண்டில் தனிக்குடித்தனம் போனார்கள் என்பதெல்லாம் சாட்சி விசாரணையில் வெளிவரும். சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. வழக்கு மேல்முறையீடு வரை போயிருந்தால் அச்சிட்ட தீர்ப்புத் தொகுப்புகளில் குடும்ப வரலாறே கிடைக்கக்கூடும்.

சென்னையில் 1994-இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நூல்களும் இதழ்களும் மட்டுமின்றி அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதரின் சேகரிப்பில் வளர்ந்தது அது. கல்யாணப் பத்திரிகையில் வீட்டு விலாசமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் இருக்கும். பழைய சுதேசமித்திரன் இதழ்களில் ஏல அறிவிப்பும் இரங்கல் செய்தியும் தேடலாம். சென்னைத் தோட்ட வீடுகளுக்கு ஆங்கிலேயர் காலத்து முகவரிப் புத்தகங்கள் உதவும். சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையா வாழ்நாள் முழுக்க எழுதிய கட்டுரைகள், ஒரு நகரத்தின் வீடுகளைப் பின்தொடர்ந்தால் அதன் சமூக வரலாறே கிடைக்கும் என்பதற்குச் சான்று.

வீட்டுக்குள்ளேயே இருப்பவற்றை மறந்துவிடக் கூடாது. மொய் நோட்டு ஒரு குடும்பத்தின் உறவு வட்டத்தைத் தொகையோடு சொல்லும். நகரத்தார் திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் மணமக்களின் தந்தை, பாட்டன், ஊர், கோயில் பிரிவு ஆகியவற்றைச் சொல்லும். சோதிடக் குறிப்பில் பிறந்த நேரமும் ஊரும் இருக்கும். கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு உண்டு. பூஜை அறைப் புகைப்படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரே கட்டடம், பல வாழ்க்கை

உரிமையாளர் வரிசையும் வாழ்ந்தோர் வரிசையும் எவ்வளவு விலகிப் போகும் என்பதற்குச் சென்னை மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுஸ் தெளிவான உதாரணம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து விற்ற பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் இந்த வட்டக் கட்டடத்தைச் சேமிப்புக் கிடங்காக எழுப்பியது. செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் தொழில் நொடித்தது. பின்னர் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கிச் சன்னல்களும் தாழ்வாரங்களும் வைத்து வீடாக மாற்றினார். நீதிபதி கெர்னனின் பெயரால் கெர்னன் கோட்டை என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில், மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே தங்கினார். ராமகிருஷ்ண மடத்தின் சென்னைப் பணி இங்கேதான் தொடங்கியது. ஐயங்காரின் காலத்துக்குப் பின் வீடு ஏலம் போயிற்று. அதன் பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில் இளம் கைம்பெண்கள் தங்கிப் படிக்கும் இல்லமாயிற்று. 1963-இல், விவேகானந்தர் நூற்றாண்டில், விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. அந்த வட்டாரத்தை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் உரிமைப் பத்திரம் காட்டுவது நிறுவனம், வழக்கறிஞர், ஏலம் எடுத்தவர், அரசு ஆகிய சிலரை மட்டுமே. தலையை மழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகள் அந்த வட்டச் சுவருக்குள் பாடம் படித்து ஆசிரியைகளாக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் பத்திரத்தில் வராது. அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் பெருமைக்குரிய அத்தியாயம் அதுவே என்பது என் துணிபு.

பெண்களின் தடம்

பொதுவாகவே பழைய பத்திரங்களில் பெண்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1956-க்கு முன் இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் கிடைத்தது ஆயுள்கால அனுபோகம் மட்டுமே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதை முழு உரிமையாக்கியது. தமிழ்நாட்டில் 1989 முதல், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்தது. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துப் பத்திரத்தை வாசித்தால், ஒரு பாட்டி எழுதிய விடுதலைப் பத்திரம் உண்மையில் விட்டுக்கொடுத்ததா, விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டதா என்று கேட்கத் தோன்றும். மனைவி பெயரில் வாங்கிய வீடு அவள் சீதனப் பணத்தில் வந்ததா, கணவனின் கடன்காரரிடமிருந்து தப்பிக்க வாங்கியதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கே வேறு. ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று வகுக்கிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம் என்பதால் அங்கே பல வீடுகளின் வரலாற்றைத் தாய் வழியாகத்தான் பின்தொடர வேண்டும். ஆவணத்தை உறுதி என்பார்கள், நொத்தாரிசு எழுதுவார். காணிப் பதிவகமும் ஒல்லாந்தர் காலத் தோம்பும் துணை செய்யும். 1995-இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வின்போது உறுதிகளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு வெளியேறியவர்கள் பலர். வீடு இடிந்தும், உறுதி இன்றும் வெளிநாட்டில் பத்திரமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஆய்வு சொந்த ஊரோடு எஞ்சியிருக்கும் பிணைப்பு.

வாய்மொழியும் வழுக்கல்களும்

பெரியவர்களின் நினைவு விலைமதிப்பற்றது. அதைச் சோதிக்காமல் எழுதக் கூடாது. எல்லா வீட்டிலும் மரம் பர்மா தேக்கு என்பார்கள், ராஜா ஒருமுறை வந்து தங்கினார் என்பார்கள். ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். அப்போது நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும்: இந்த அறை கட்டும்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, கரண்டு வந்துவிட்டதா, அரிசிப் பஞ்சத்துக்கு முன்பா பின்பா? பதில் உடனே வரும். வீட்டுக்காரரோடு நிறுத்திவிடாமல் கொத்தனார், தச்சர், வீட்டு வேலை பார்த்த அம்மாள், பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர் ஆகியோரையும் கேட்க வேண்டும். பத்திரத்தில் இல்லாதவர்களை மீட்கும் வழி இதுதான்.

அடிக்கடி நேரும் பிழைகள் சில. கிடைத்த முதல் பத்திரத்தின் தேதியை வீடு கட்டிய தேதி என்று கொள்வது முதல் பிழை. அது வெற்று மனையின் கிரயமாக இருக்கலாம். அடுத்தது பெயர்க் குழப்பம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் சுப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் சுப்பையா என்று ஒரு நூற்றாண்டு ஓடும்; தகப்பன் பெயர், ஊர், வயது மூன்றும் ஒத்துவந்தால்தான் ஒரே ஆள் என்று முடிவு செய்யலாம். தெருவும் ஏமாற்றும். 1970களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்கள் நீக்கப்பட்டன. கதவு எண்களும் மாறின. பழைய எண்ணும் புதிய எண்ணும் உள்ள வரிரசீதை முதலில் தேடி எடுத்துவிட வேண்டும். பத்திரத்தில் கண்ட விலையை உண்மை விலை என்று நம்புவதும் தவறு. முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து குறைத்து எழுதும் வழக்கம் பழையது.

அறமும் உண்டு. பழைய வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு ஒருவர் வந்தால், பாகம் கேட்க வந்தாரோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. வந்த நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தத்து, கடன், இரண்டாம் தாரம், வழக்கு போன்றவை தெரியவந்தால், உயிரோடு இருப்பவர்களின் சம்மதமின்றி எழுதக் கூடாது. அசல் பத்திரத்தை இரவல் கேட்கக் கூடாது. அங்கேயே படமெடுத்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். பழைய காகிதத்தை லேமினேட் செய்தால் அது பாழாகும். ஒளியும் ஈரமும் படாத உறையில் வைத்தாலே போதும்.

செய்ய வேண்டியது

தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. பெரிய கட்டடங்களுக்கு அது ஓரளவு காப்பு. தெருக்களில் உள்ள ஆயிரக்கணக்கான வீடுகளை எந்தச் சட்டமும் நிறுத்திவைக்காது. வாரிசுகள் பெருகிய வீட்டை விற்பதற்கும் இடித்துக் கட்டுவதற்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வீடு போகலாம், அதன் வரலாறு போக வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் குடும்ப வீடு விற்பனைக்கு வருகிறதென்றால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் எல்லா அறைகளையும் படமெடுங்கள், தரைத்தள வரைபடம் ஒன்று போடுங்கள். மூலப்பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரை நகலெடுத்து, ஒவ்வொன்றின் சாரத்தையும் இன்றைய தமிழில் எழுதுங்கள். வீட்டில் வயதில் மூத்தவரை உட்காரவைத்து, அங்கே வாழ்ந்தவர்கள் அனைவரின் பெயரையும், உறவினர் அல்லாதவர்களின் பெயரையும் சேர்த்து, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்குபவராக இருந்தால் விற்பவரிடம் இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள். கிரயத்தோடு தர வேண்டிய பொருள்தான் இது. எழுதியதில் ஒரு பிரதியைக் குடும்பத்தில் வையுங்கள், உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கத்தை நீக்கிய மற்றொரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுங்கள். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருக்கும், ஓட்டின் முத்திரையும் சில ஆண்டுகள் இருக்கும். பெரியவர்களின் நினைவு அப்படிக் காத்திருக்காது. அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.